ஹார்ட்கவர் நோட்டு அட்டை வளைஞ்சு பூஞ்சை பிடிக்குது – பதில்

வணக்கம் சிஸ். ஜெலுத்தோங் வீட்டுல வச்சிருந்த ஔடுபன்ங்கிற பழைய அமெரிக்க பறவை ஓவியரோட பிளமிங்கோ (பூநாரை) படம் போட்ட நோட்டோட அட்டை வளைஞ்சிருச்சு, உள்பக்கம் வெள்ளையா பொடி பூத்திருக்குன்னு போட்டிருந்தீங்க. பூஞ்சைதான் அது. நோட்டு மேல குறை சொல்ல முடியாது, பினாங்கு காத்து அப்படி லா, ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலயே நின்னா தாள், பசை எல்லாத்துலயும் வந்துரும்.

வெயில்ல மட்டும் காய வைக்காதீங்க, கலர் வெளுத்துரும், அட்டை இன்னும் முறுக்கிக்கும். ஃபேன் காத்துல விரிச்சு நிக்க வச்சு நல்லா காஞ்சதும் மாஸ்க் போட்டுக்கிட்டு வெளிய போய் மெல்லிசு பிரஷ்ஷால தட்டி விடுங்க, ஈரத்துணி வேணாம். அப்புறம் மேல கனமா எதாச்சும் ஏத்தி (எங்க வீட்டுல அம்மிக்கல்லு) ஒரு வாரம் விடுங்க, வளைவு முழுசா போகலன்னாலும் அடங்கும். பிறகு ஈரத்தை உறிஞ்சுற சிலிக்கா ஜெல் போட்ட மூடி டப்பாவுல வைங்க, இல்ல கேமராக்காரங்க வச்சிருக்கிற, ஈரம் புகாத டிரை பாக்ஸ்ல. சுவரோட ஒட்டின அலமாரி வேணவே வேணாம்.

அட்டைப் படத்துல பிளமிங்கோவோட கழுத்து மடங்கி இருக்கே, அச்சுல வெட்டிட்டாங்களான்னும் கேட்டீங்கல்ல, இல்ல, ஒரிஜினலே அப்படித்தான்! ஔடுபன் எல்லா பறவையையும் நிஜ அளவுலயே போடணும்னு பிடிவாதம் பிடிச்ச ஆளு, 1827-ல இருந்து 1838 வரைக்கும் 435 படம் அப்படியே வெளிவந்துச்சு, தாளோ சுமார் ஒரு மீட்டர் உயரம்தான், பிளமிங்கோ நிமிர்ந்தா எங்க அடங்கும், அதான் குனிய வச்சுட்டார். மேல ஓரத்துல அலகு, கால் கோட்டுப்படம் தெரிஞ்சா அதுவும் பழைய படத்துல உள்ளதுதான், நோட்டுக்காரங்க சேர்த்தது இல்ல.