விரல் தேய்ந்தாலும் கணக்கு உங்களுடையதுதான்

வங்கி வேலையின் பெரும்பகுதியை ராமநாதபுரம் கடலோரக் கிளைகளில் கழித்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் நின்றபாடில்லை. இந்தத் தடவை வந்ததில் பாதி, 'என் காசை நானே எடுக்க ஏன் இத்தனை பாடு?' என்ற ரகம்.

கடல்பாசி எடுத்து எடுத்து விரல் தேய்ந்துவிட்டது. மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாயை எடுக்கப் போனால் வங்கி முகவரின் மிஷின் என் ரேகையைப் பிடிப்பதில்லை. "நாளைக்கு வாம்மா" என்கிறார்கள். (பாம்பன்)

பாசிக்குப் போகும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் இறங்குவதைப் பார்த்திருக்கிறேன். அப்படியும் ரேகை மிஞ்சுவதில்லை. மிஷினைச் செய்தவர் உப்புத் தண்ணீரில் ஊறிய கையைப் பார்த்திருக்க மாட்டார் போல.

கட்டைவிரலைத்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கும். மோதிர விரல், சுண்டு விரலை வைத்துப் பாருங்கள். பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்து, கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டுப் போங்கள். அதற்கும் மசியவில்லையா, பாஸ்புக்கோடு நேராகக் கிளைக்கே போய்விடுங்கள். பணம் எடுக்கும் சீட்டில் கையெழுத்தோ, அதிகாரி முன்னால் கைநாட்டோ போட்டு வாங்கலாம். அந்தக் கைநாட்டை எந்த மிஷினும் படிக்கப் போவதில்லை. அப்புறம் ஒரு நாள் ஆதார் மையத்தில் ரேகையையும் கருவிழியையும் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மிஷின்காரர் "ஃபெயில் ஆயிருச்சு, இன்னொரு தடவை வைங்க" என்றால் உடனே விரலை நீட்டாதீர்கள். முதல் தடவைக்கான சீட்டைக் கேளுங்கள். முதல் தடவையிலேயே பணம் போயிருந்த கதைகளைக் கவுண்டரில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

கணக்கில் 700 ரூபாய் இருந்தது. மினிமம் பேலன்ஸ் இல்லை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து சைபர் ஆக்கிவிட்டார்கள். இல்லாதவனிடமே பிடுங்கலாமா? (தேவிபட்டினம்)

பிடுங்க விதி இடம் கொடுக்கிறது, அதுதான் கொடுமை. மைனஸில் மட்டும் இறக்கக் கூடாது. எஸ்பிஐ 2020லேயே இந்த அபராதத்தைக் கைவிட்டது. கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025ல் கைவிட்டன. உங்கள் வங்கி இன்னும் பிடிக்கிறதென்றால், 'என் கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தாருங்கள்' என்று எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குக்கு மினிமம் பேலன்ஸே கிடையாது. புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448க்குப் போன் போட்டால் வழி சொல்வார்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் கடன் ஆப் ஒன்றில் 5,000 கேட்டேன். கையில் வந்தது 3,200. ஏழாம் நாள் 5,000 கட்டச் சொல்கிறார்கள். கட்டாவிட்டால் என் படத்தைக் கண்டபடி மாற்றி, போனில் உள்ள எல்லோருக்கும் அனுப்புவார்களாம். (மண்டபம்)

3,200 ரூபாய்க்கு ஒரு வாரத்தில் 1,800. நூற்றுக்கு 56 ரூபாய் வட்டி, அதுவும் வாரத்துக்கு! மீட்டர் வட்டிக்காரனே கூசுவான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும். அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய், வகுத்துப் பார்த்தால் நாளுக்கு 131. மிச்சச் செலவுக்கு எங்கே போவது என்று தெரியாத வீட்டில்தான் இந்த ஆப்காரன் நுழைகிறான்.

இதை அடைக்க இன்னொரு ஆப்பில் வாங்காதீர்கள். முறையான கடன் என்றால், பதிவு பெற்ற வங்கியோ நிதி நிறுவனமோ நேராக உங்கள் கணக்கில் பணம் போட வேண்டும். வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து முன்கூட்டியே எழுத்தில் காட்ட வேண்டும். உங்கள் போனில் உள்ள நம்பர்களையும் படங்களையும் தொடக் கூடாது. 2022லிருந்து இதுதான் ரிசர்வ் வங்கி விதி. முறையான கடன் ஆப்களின் பட்டியலும் 2025 ஜூலையிலிருந்து அதன் இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் ஆப் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மிரட்டலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் போடுங்கள், ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுங்கள். சொந்தக்காரர்களுக்கு நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்: "என் பெயரில் கன்னாபின்னா படம் வந்தால் நம்பாதீர்கள்." பாதி மிரட்டல் அதோடு செத்துவிடும்.

அடுத்த தடைக்காலத்துக்கு இப்போதே வங்கியில் கிசான் கடன் அட்டை கேளுங்கள். விவசாயிகளுக்கென்று வந்த கடன் அது, 2018-19லிருந்து மீனவருக்கும் உண்டு. வட்டி 7 சதவீதம், தவறாமல் கட்டினால் 4. வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் வட்டியே இல்லையே என்பீர்கள். சரி, உங்கள் மீனுக்குக் கிலோவுக்கு எவ்வளவு குறைத்துப் போடுகிறார் என்று ஒரு மாதம் எழுதி வைத்துப் பாருங்கள்.

பெரிய முதலாளிகளுக்குக் கோடி கோடியாகத் தள்ளுபடி. என் நகைக்கடன் கொஞ்சம் தாமதமானால் ஏல நோட்டீஸ். என்ன நியாயம்? (கீழக்கரை)

அது தள்ளுபடி இல்லை, 'ரைட் ஆஃப்'. வராக்கடனை வரவுசெலவுக் கணக்கிலிருந்து நகர்த்தி வைப்பார்கள். வசூலிக்கும் உரிமை போகாது. இதை எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். ஒருவரும் சமாதானமாகவில்லை, எனக்கும் முழுசாகச் சமாதானமில்லை. உங்கள் நகை வங்கியின் பெட்டகத்தில் இருக்கிறது. அந்தப் பெரிய முதலாளிகளிடமிருந்து வசூலிக்க வழக்கு, தீர்ப்பாயம் என்று வருடக்கணக்காக அலைய வேண்டும்.

மீன் வாங்கியவர் பணம் அனுப்பிவிட்டதாகப் போனைக் காட்டிவிட்டுப் போனார். கணக்கில் ஏறவே இல்லை. (தொண்டி)

பச்சை டிக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. அடுத்தவர் போனைப் பார்த்து மீனைக் கொடுக்காதீர்கள். பணம் வந்ததும் குரல் கொடுக்கும் உங்கள் ஸ்பீக்கர் பெட்டி சொல்லட்டும், இல்லையென்றால் உங்கள் போனில் பாருங்கள். அவர் நிஜமாகவே அனுப்பி நடுவில் சிக்கியிருந்தால், கடைக் கியூஆர் என்றால் ஐந்து நாளுக்குள் அவர் கணக்குக்கே திரும்பிவிடும். தாமதமானால் வங்கி நாளுக்கு 100 ரூபாய் தர வேண்டும், அதுவும் அவருக்குத்தான். உங்களுக்கு மீன் போனதுதான் மிச்சம். அவர் நம்பரையாவது வாங்கி வைத்தீர்களா?