வாலிபாலை விட்டால் அரியர் குறையுமா?

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு, ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன். பள்ளியில் வாலிபால் டீமில் இருந்தவன். மூன்றாவது செமஸ்டரில் இரண்டு அரியர் விழுந்ததும் விளையாட்டை விட்டுவிட்டு, ராத்திரி இரண்டு மணி வரை படிக்கிறேன். ஒரே பக்கத்தை நாலு தடவை படித்தாலும் ஹாலில் ஞாபகம் வருவதில்லை. இன்டர்னல் மார்க் இன்னும் இறங்கிவிட்டது. யாரோடும் பேசவே பிடிக்கவில்லை. எனக்குப் படிப்பு வராதா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: படிப்பு வராதவர் ராத்திரி இரண்டு மணி வரை புத்தகத்தோடு மல்லுக்கட்ட மாட்டார், தம்பி. நேரம் மிச்சம் பிடிக்க நீங்கள் தூக்கத்தையும் கிரவுண்டையும் வெட்டினீர்கள். வெட்டக்கூடாத இடத்தில் வெட்டிவிட்டீர்கள்.

பகலில் படித்ததை மூளை பதிய வைப்பது பெரும்பாலும் நாம் தூங்கும்போதுதான். ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி அன்றைய பாடத்தை ஆழ்ந்த தூக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்த்து நிலைநிறுத்துகிறது. இரண்டு மணிக்குப் படுத்து, ஆறு மணிக்கு பக்கெட்டோடு பாத்ரூம் வரிசையில் நின்றால் அந்த வேலை அரைகுறையாகத்தான் முடியும். உங்கள் வயதுக்கு 7 முதல் 9 மணி நேரத் தூக்கம் வேண்டும். பத்து மணிக்குக் குடிக்கும் காபியில் இருக்கும் கஃபீனில் ஏறக்குறைய பாதி, அதிகாலை மூன்று மணிக்கும் உடம்பில் இருக்கும். அதனால் சாயங்காலத்தோடு காபிக்கு முழுக்குப் போடுங்கள். பத்தரைக்குப் புத்தகத்தை மூடுங்கள். நாலாவது தடவை படிப்பதற்குப் பதில், பக்கத்தை மூடிவிட்டு நினைவில் நிற்பதை வெள்ளைத்தாளில் எழுதிப் பாருங்கள். எது மண்டையில் ஏறவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும்.

வாரத்துக்கு 150 நிமிடமாவது உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து சாயங்காலம், அரை மணி வாலிபால், கணக்கு சரியாகிவிட்டது. வேர்க்க விளையாடினால் தூக்கம் தானாக வரும், மனபாரமும் குறையும். அதைவிட, "எங்கடா போன இவ்ளோ நாள்?" என்று நெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருத்தன் கத்துவான் பாருங்கள், அது உங்களுக்கு இப்போது ரொம்பத் தேவை.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது மார்க் இல்லை. யாரோடும் பேசப் பிடிக்கவில்லை என்ற வரிதான். இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சோம்பேறித்தனம் என்று உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். மனச்சோர்வாக இருக்கலாம், டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகையும் தைராய்டு கோளாறும்கூட ஆளை இப்படி முடக்கிப்போடும் என்பதால் ரத்தப் பரிசோதனை தேவையா என்றும் கேளுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு நொடி எட்டிப் பார்த்தாலும், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ரூம்மேட்டை எழுப்புங்கள், அப்போதே போன் செய்யுங்கள்.

அரியர் விஷயம் வீட்டுக்குத் தெரியுமா? நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது சொல்லிவிடுங்கள். திரும்பி வரும்போது ஷூவை மறக்காமல் எடுத்து வாருங்கள்.