மூன்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் இருந்தால் போதாதா? நிறுவனங்கள் இணைவதால் நமக்கு என்ன நஷ்டம்?

போதாது.

"டேட்டா விலை இங்கேதானே குறைவு, பிறகென்ன குறை?" என்றும் கேள்வியில் சேர்த்திருக்கிறீர்கள். மாதம் பிறந்தால் உங்களுக்குச் சம்பளம் வங்கியில் விழும், ரீசார்ஜுக்கு எவ்வளவு போனது என்பதுகூட மறுநாள் நினைவில் நிற்காது என்று ஊகிக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், உங்கள் இடத்திலிருந்து பார்த்தால் நீங்கள் சொல்வது சரிதான். 2016 செப்டம்பரில் ஜியோ வருவதற்கு முன் ஒரு மாதத்துக்கு ஒரு ஜிபி வாங்க 250 ரூபாய் அளவில் கொடுத்தோம். இன்று அதை ஒரே நாளில் தீர்க்கிறோம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் நான் கோவில்பட்டிப் பக்கம் பல வருடங்களாகச் செல்போன் கடை வைத்திருப்பவன். கல்லாவில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்குக் கணக்கு வேறு.

எங்கள் பக்கத்தில் நிறையப் பேருக்குத் தீப்பெட்டி ஆபீஸில்தான் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் கையில் வாரச் சம்பளம் வரும், கடையில் கூட்டம் நிற்கும். முன்பெல்லாம் அந்தக் கூட்டம் கேட்ட தொகை பத்து, இருபது, மிஞ்சினால் முப்பது. "அண்ணாச்சி, பத்து ரூபாய்க்கு ஈசி போடுங்கள்" என்பார்கள். வரியும் கட்டணமும் போக ஏழு ரூபாய் சொச்சம் பேச்சுநேரம் ஏறும். கண்ணாடிப் பலகைக்கு அடியில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ரேட் கட்டர், அதாவது அழைப்புக் கட்டணத்தைக் குறைக்கும் சின்ன ரீசார்ஜின் விலையைப் பேனாவால் எழுதி வைத்திருப்பேன். மை காய்வதற்குள் இன்னொரு நிறுவனம் விலையைக் குறைத்துவிடும், கிழித்துவிட்டு வேறு எழுத வேண்டும். போட்டி என்று நான் கண்ணால் பார்த்தது அந்தக் காகிதத்தைத்தான்.

அந்த விலைகளை இறக்கிக்கொண்டே இருந்தவர்கள் யார்? முதலிடத்தில் இருந்தவர்கள் இல்லை. 2009-இல் நொடிக்கு ஒரு பைசா என்று கொண்டுவந்தது அப்போதுதான் சந்தைக்குள் நுழைந்த டாடா டோகோமோ. நிமிடக் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த பெரிய நிறுவனங்கள் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தன. தமிழ்நாட்டில் 1999-இல் தொடங்கிய ஏர்செல் சின்னத் தொகைக்காரர்களை நம்பித்தான் வளர்ந்தது. மற்ற மாநிலங்களில் டெலினார் மலிவு என்ற ஒன்றை மட்டும் சொல்லியே வாடிக்கையாளர் சேர்த்தது. முன்னால் நிற்கும் நிறுவனத்துக்குப் பத்து ரூபாய் வாடிக்கையாளர் தேவையில்லை. பின்தங்கி நிற்பவருக்குத்தான் அவரை விட்டால் ஆளில்லை.

அந்தப் பின்வரிசை முழுவதும் இரண்டு மூன்று வருடங்களில் காணாமல் போனது. எம்டிஎஸ், அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸில் (ஜியோ அல்ல) சேர்ந்தது, அந்த ரிலையன்ஸே 2017 கடைசியில் செல்போன் சேவையை ஏறக்குறைய மூடியது. ரிலையன்ஸும் ஏர்செல்லும் இணைவதாக இருந்த ஏற்பாடு 2017 அக்டோபரில் முறிந்தது, 2018 பிப்ரவரியில் ஏர்செல் திவால் நடவடிக்கைக்குப் போனது. டெலினார் 2018-இலும் டாடாவின் செல்போன் வியாபாரம் 2019-இலும் ஏர்டெல்லுக்குள் போயின. வோடபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்ட் 31 அன்று ஒன்றாயின.

இப்போது சிலர் சண்டைக்கு வருவார்கள். இணையாமல் இருந்திருந்தால் எல்லாரும் திவாலாகியிருப்பார்கள், உனக்குப் பொருளாதாரம் தெரியாது என்பார்கள். அலைக்கற்றைக் கடனும் ஜியோவின் இலவசப் போட்டியும் சேர்ந்து அந்த நிறுவனங்களை மூச்சுமுட்ட வைத்தது எனக்கும் தெரியும். இணைப்பைத் தடுத்திருக்க வேண்டும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அனுமதி கொடுத்தவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதுதான் என் கேள்வி. 2014-இல் மத்திய அரசு வகுத்த விதிப்படி, இணைந்த நிறுவனத்தின் சந்தைப் பங்கு ஒரு வட்டத்தில் (ஏறக்குறைய ஒரு மாநில அளவுள்ள சேவைப் பகுதி) பாதியைத் தாண்டக் கூடாது. அதாவது இணைந்தவர் எவ்வளவு பெரியவர் ஆகிறார் என்பதற்கு ஒரு வரம்பு. கடைசிப் படியில் இருக்கும் பத்து ரூபாய்க்காரருக்கு விற்க யார் மிஞ்சுகிறார் என்பதற்கு அந்த விதியில் கணக்கே இல்லை. அந்தப் பங்காவது நின்றதா? வோடபோன் ஐடியா இணைந்த அன்று சுமார் 40 கோடிச் சந்தாதாரர்களோடு நாட்டிலேயே பெரிய நிறுவனம். இன்று அதில் பாதியளவுதான். 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அரசுக்குக் கட்ட வேண்டி வந்த பழைய பாக்கி வேறு. கடைசியில் பாக்கிக்கு ஈடாக அரசே அந்த நிறுவனத்தின் பங்குகளில் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

என் கடைக்கு வரும் ஓர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிறவர், மகன் திருப்பூரில். "ஆயுள் முழுக்க இன்கமிங்" என்று சொல்லி விற்ற சிம் வைத்திருந்தார். அவர் யாரையும் கூப்பிடுவதில்லை, மகன்தான் கூப்பிடுவான். எப்போதாவது பத்து ரூபாய் போடுவார். 2018 கடைசியில் பெரிய நிறுவனங்கள் 28 நாளுக்கு 35 ரூபாயாவது போட வேண்டும், இல்லாவிட்டால் சேவை நிற்கும் என்றன. அவர் சுருக்குப்பையிலிருந்து போனை எடுத்து என் முன்னால் வைத்தார். திரையில் ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி. விஷயத்தைச் சொன்னேன். "காசு தீரவில்லையே தம்பி, உள்ளே பதினெட்டு ரூபாய் கிடக்கிறதே" என்றார். கிடந்தது உண்மைதான். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்று ஒரு கூலித் தொழிலாளிக்கு நான் எப்படி விளக்குவது? நம்பரை மாற்றாமல் வேறு நிறுவனத்துக்குப் போர்ட் செய்து தரலாம் என்று பார்த்தேன். முந்தின வருடமாக இருந்தால் இரண்டு மூன்று இடம் காட்டியிருப்பேன். இப்போது தனியாரில் போக இடமில்லை. எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், அது முக்கியமில்லை. பெரிய தனியார் நிறுவனங்கள் எல்லாவற்றிலும் அதுதான் நிலை என்பதுதான் விஷயம்.

அந்த 35, 2021 நவம்பரில் 99 ஆகியிருந்தது. 2024 ஜூலையில் ஏர்டெல், வோடபோன் ஐடியாவின் 179 ரூபாய்த் திட்டம் 199 ஆனது, ஜியோவின் 155 ரூபாய்த் திட்டம் 189. மூன்று நிறுவனங்களும் ஒன்றிரண்டு நாள் இடைவெளியில் அறிவித்தன. பேசிவைத்துக்கொண்டு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்று பேர் இருக்கும் தெருவில் பேசிவைக்க அவசியமே இல்லை, ஒருவர் ஏற்றினால் மற்ற இருவருக்கும் அதுவே தகவல். அரசு நிறுவனமான பிஎஸ்என்எல் ஏற்றவில்லை. அந்த ஒரு மாதத்தில் மட்டும் 29 லட்சம் பேர் அளவில் அங்கே கூடினார்கள். எங்கள் கடையிலும் போர்ட் கேட்டு வரிசை நின்றது. நாலாவது ஆள் ஒருவர் இருந்தால் மக்கள் நகர்வார்கள் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அவர்களைத் தக்கவைக்க 4ஜி வேண்டுமே! நாடு முழுவதும் பிஎஸ்என்எல் 4ஜி முறைப்படி தொடங்கியது 2025 செப்டம்பரில். அதற்கு வெகு முன்பே, வந்த சில மாதங்களிலேயே, பலர் திரும்பிப் போய்விட்டார்கள்.

கமிஷன் குறைந்த கோபத்தில் எழுதுகிறான் என்று யாராவது சொல்லலாம். பத்துப் பேரிடம் பத்து ரூபாய் வாங்கினாலும் ஒருவரிடம் நூறு வாங்கினாலும் எனக்கு வருவது ஒன்றுதான். சொல்லப்போனால் தொகை கூடியதில் கடைக்கு லாபம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இது நிறுவனங்கள் இணைந்தது சம்பந்தப்பட்டதில்லை, ரீசார்ஜ் செலவு சம்பந்தப்பட்டது. காஸ் பதிவுக்கு ஓடிபி, வங்கிக்கு ஓடிபி, ரேஷன் கார்டு திருத்தத்துக்கு ஓடிபி, முதியோர் பென்ஷன் விசாரிக்கப் போனாலும் முதலில் கேட்பது போன் நம்பர். நம்பர் இல்லாத மனிதனை எந்த அலுவலகமும் மனிதனாக மதிப்பதில்லை. அப்படிக் கட்டாயமாக்கிய அரசு, அந்த நம்பரை உயிரோடு வைத்திருக்க மாதம் எவ்வளவு ஆகும் என்று ஒரு நாளாவது யோசித்திருக்குமா? ரீசார்ஜ் தீர்ந்து நம்பர் போய், அது வேறொருவர் கைக்குப் போன பிறகு வங்கிக் கணக்கில் நம்பரை மாற்ற அலைகிற வயதானவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மாற்று என்ன என்று கேட்பீர்கள். 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், டேட்டா இல்லாமல் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் உள்ள திட்டங்களைக் கட்டாயமாக்கியது. நல்ல உத்தரவு. நிறுவனங்களும் கொண்டுவந்தன, 84 நாளுக்கு 400 ரூபாய்க்கு மேல். நாளுக்கு ஐந்து ரூபாய்தானே என்று உங்களுக்குத் தோன்றும். வாரச் சம்பளக்காரர் ஒரே சனிக்கிழமையில் நானூறை எடுத்துவைக்க முடியாது, அதனால் என் கடையில் அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். கட்டண விஷயத்தில் டிராய் அவ்வப்போது ஆலோசனை அறிக்கை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்து கேட்கும், மின்னஞ்சலிலேயே அனுப்பலாம். அந்த அக்கா அனுப்பப் போவதில்லை, உங்களால் முடியும். பேச்சு மட்டும் உள்ள திட்டத்தை ஏழு நாளுக்கு, பதினைந்து நாளுக்கு என்று பிரித்துத் தரச் சொல்லி எழுதுங்கள். நான் தமிழில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.