பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு 6 மாதம் காத்திருந்தே ஆக வேண்டுமா?

ஒரே வீட்டில் இருந்தாலும் பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகிறது, சண்டையில்லாமல் சீக்கிரம் பிரிய வழி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் 13பி பிரிவை 1976-ல் சேர்த்ததே இதற்காகத்தான். மனுப் போடும் முன் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். பிரிந்து என்றால் தனித்தனி வீடு என்று அர்த்தமில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழாமல் இருந்தால் போதும். 1991-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது.

மனுவுக்குப் பின் 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2017 தீர்ப்பு. ஆனால் ஒன்றரை வருடப் பிரிவு முடிந்திருக்க வேண்டும். சமரசம் பலிக்கவில்லை, ஜீவனாம்சம், குழந்தை பற்றிய பேச்சு தீர்ந்துவிட்டது என்றும் நீதிபதிக்குத் தெரிய வேண்டும்.

தயவுசெய்து எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை சவரன், லாக்கர் சாவி யாரிடம், சீர்ப் பாத்திரம் எந்த வீட்டுப் பரணில், பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, அப்புறம் கோடை விடுமுறையில் பிள்ளை யாரோடு. வாய்ப்பேச்சாக விட்டால் கசப்பு இங்கேதான் தொடங்கும். தீர்ப்பு வரும்வரை இருவரில் யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம்.