ஊசி போட்ட இடத்தில் சீழ்: நஷ்டஈடு கேட்கும் முன்

கேள்வி: ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் ஒன்றரை வயது மகனுக்குத் தடுப்பூசி போட்ட தொடையில் சீழ் கட்டியது. தர்மபுரியில் தனியார் ஆஸ்பத்திரியில் கீறி எடுத்தோம். ‘மூணு மாசத்துல பத்து லட்சம் வாங்கித் தர்றேன்’ என்று ஒருவர் 15,000 ரூபாயும் ஒரிஜினல் பேப்பர்களும் கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. பணம் போனால் சம்பாதிக்கலாம். தடுப்பூசி அட்டையும் டிஸ்சார்ஜ் சம்மரியும் போனால் வழக்கே இல்லை. வக்கீல் கேட்டாலும் ஜெராக்ஸ்தான் கொடுங்கள். மூன்று மாதத்தில் பத்து லட்சம் தரும் கோர்ட்டை நான் பார்த்ததில்லை.

வலிப்பு, காய்ச்சல் என்றால் ஊசியால் வந்ததா, தற்செயலா என்பதிலேயே வழக்கு நின்றுபோகும். போட்ட இடத்திலேயே சீழ் என்பது வேறு. மருந்தை அல்ல, போட்ட விதத்தைக் குறை சொல்கிறீர்கள். சீழைப் பரிசோதித்த லேப் ரிப்போர்ட் இருந்தால் அதுதான் உங்கள் பெரிய சாட்சி. தனியார் ஆஸ்பத்திரியில் எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்தில் பதிவேடுகளைத் தர வேண்டும். மருந்தின் பேட்ச் எண், ஊசிக்குப் பின் வந்த பாதிப்பு பற்றிய விசாரணை அறிக்கை இரண்டையும் சுகாதாரத் துறையிடம் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். பதில் தர 30 நாள். ‘ஃபைல் மேலே போயிருக்கு’ என்பார்கள். அந்த ‘மேலே’ எங்கே என்று யாரும் சொன்னதில்லை!

அப்புறம், இப்படிப்பட்ட ஆட்கள் உங்களை நுகர்வோர் கோர்ட்டில் வழக்குப் போடச் சொல்லி இழுப்பார்கள். எல்லோருக்கும் இலவசமாகச் செய்யும் அரசு மருத்துவமனை அங்கே வராது; 1995-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் சிலரிடம் காசு வாங்கி, சிலருக்கு இலவசமாகச் செய்யும் ஆஸ்பத்திரி என்றால், காசு கொடுக்காதவரும் அங்கே நுகர்வோர்தான். அதாவது இதே ஊசியைத் தனியார் ஆஸ்பத்திரி இலவசமாகப் போட்டிருந்தால் நீங்கள் அங்கே போகலாம். சுகாதார நிலையத்தில் போட்டதால் முடியாது. இதைச் சொல்லாமல் மனு போட வைத்து ஃபீஸ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் வழி சிவில் கோர்ட். அரசு மீது என்பதால் முதலில் நோட்டீஸ், இரண்டு மாதம் காத்திருப்பு. தர்மபுரியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், சட்ட உதவி எண் 15100-க்கும் பேசலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் இலவசம்.

பையன் மைனர் என்பதால் அவன் பேரில் கேட்கக் காலம் இருக்கிறது. நீங்கள் செலவழித்த பணத்துக்கு அந்தச் சலுகையை நம்பாதீர்கள். மருந்துக்கடை பில்லின் எழுத்து சில மாதத்தில் வெளுத்துவிடும். முதலில் அதை ஜெராக்ஸ் எடுங்கள்.