ரஷ்யர்கள் ஆகஸ்ட் 2-க்குப் பிறகு ஆற்றில் குளிக்க மாட்டார்களாமே, ஏன்?

திட்டு வாங்கித்தான் இதைத் தெரிந்துகொண்டேன். நான் மருத்துவம் படித்தது த்வேர் நகரில், வோல்கா ஓடும் ஊர். ஒரு கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வராமல் அங்கேயே ஒரு பாட்டி வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஆகஸ்ட் 2 அன்று நல்ல வெயில். துண்டும் கையுமாகக் கிளம்பியவனைப் பாட்டி வாசலிலேயே மறித்துக்கொண்டார். "எங்கே போறே? இன்னைக்கு இலியா! அவர் தண்ணியில ஒண்ணுக்குப் போயிட்டார்!"

என் ரஷ்ய மொழிதான் கோளாறோ என்று மறுபடி கேட்டேன். சிரிக்காமல் அதையேதான் சொன்னார்.

இலியா என்பது பைபிளில் வரும் எலியா தீர்க்கதரிசி. அவருடைய திருநாள் பழைய நாள்காட்டிப்படி ஜூலை 20. அதற்கும் இன்றைய நாள்காட்டிக்கும் 13 நாள் இடைவெளி என்பதால் இப்போது ஆகஸ்ட் 2. அக்கினி ரதத்தில் வானத்துக்குப் போனவர் இல்லையா? அதனால் இடி இடித்தால் அவருடைய ரதம் ஓடுகிற சத்தம் என்பது கிராமத்து நம்பிக்கை. கிறிஸ்தவம் வருவதற்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் பெரூன் என்ற இடி தெய்வம். 945-இல் பைசாந்தியப் பேரரசோடு உடன்படிக்கை செய்தபோது கீவ் நகரில் பழைய மதத்தார் பெரூன் சிலை முன்னாலும், கிறிஸ்தவர்கள் எலியா கோயிலிலும் சத்தியம் செய்ததாகப் பழைய வரலாற்றேடு சொல்கிறது. பிற்பாடு பெரூன் போனார், இடி இலியா கைக்கு வந்துவிட்டது.

தண்ணீர் குளிர்ந்துபோவதற்குக் காரணம் ஆளுக்கு ஆள் மாறும். ரதத்துக் குதிரையின் லாடம் ஆற்றில் விழுந்துவிட்டது என்பார்கள், மான் குளம்பை நனைத்துவிட்டது என்பார்கள். பாட்டி சொன்ன காரணம் எல்லாவற்றிலும் மட்டம், அதனாலேயே மறக்கவில்லை. உண்மையில் அப்போது இரவு நீள ஆரம்பித்துவிடும், தண்ணீரில் குளிர் ஏறும், அவ்வளவுதான். இளசுகள் ஆகஸ்ட் முழுக்கக் குளித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அன்று வைக்கோல் வேலையும் ஆகாது, மின்னல் போரை எரித்துவிடுமாம். நாய், பூனையை வீட்டுக்குள் விடவும் மாட்டார்கள். இலியாவின் மின்னலுக்குப் பயந்து பிசாசு அவற்றுக்குள் ஒளிந்துகொள்ளுமாம். பாட்டியின் கிழட்டுப் பூனை சாயங்காலம் வரை ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்து என்னையே முறைத்துக்கொண்டிருந்தது. ஆறு மணிவாக்கில் மழை பிடித்தது. பாட்டி ஓடிப்போய்க் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் எனாமல் வாளியை வைத்தார். இலியா மழை கண்திருஷ்டி போக்குமாம். என்னையும் முகம் கழுவ வைத்தார். பல் கிட்டித்துவிட்டது.

இதில் வேடிக்கை, 1930-இல் வரோனிஷ் அருகே 12 வீரர்கள் பாராசூட்டில் குதித்ததும் ஆகஸ்ட் 2 தான். அது இப்போது வான்படைத் துருப்புகளின் தினம். நீலத் தொப்பியும் கோடு போட்ட பனியனுமாக முன்னாள் வீரர்கள் ஊர் ஊராக நீரூற்றுகளில் இறங்கிக் கும்மாளம் போடுவார்கள். அன்று ராத்திரி டிவியில் அதைப் பார்த்துவிட்டு, "இவங்க மட்டும் குளிக்கலாமா?" என்று பாட்டியைக் கேட்டேன்.

"அது குழாய்த் தண்ணிடா. அங்கே இலியா எப்படிப் போவார்?"