மாமரத்தில் குண்டூசித் துளை: மருந்துக்கு முன் வாய்க்காலைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். மேலூர் பக்கம் அப்பா நெல் போட்ட வயலில் 60 செந்தூர மாங்கன்று வைத்து 7 வருடம் ஆகிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு, வாய்க்கால் ஓரத்து 9 மரங்களில் குண்டூசி குத்தியதுபோலத் துளைகள். ஊதுபத்திச் சாம்பல்போல வெள்ளைத் தூள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு மரம் வாடிவிட்டது. கடையில் துளைக்கு மருந்தும் வேருக்குக் குருணை மருந்தும் கொடுத்தார்கள். இரண்டு தடவை போட்டும் கேட்கவில்லை. வேறு நல்ல மருந்து சொல்லுங்கள்.

பதில்: தம்பி, அந்தச் சாம்பல்குச்சியே அடையாளம். இது அம்புரோசியா வண்டு. கடைக்காரர் கொடுத்தது தண்டுத்துளைப்பானுக்கான வைத்தியம். அந்தப் புழு மரத்தைத் தின்னும்; துளையும் பெரிது, கம்பி விட்டு இழுக்கலாம், மருந்தில் நனைத்த பஞ்சால் அடைக்கலாம். உங்கள் வண்டு மரத்தைத் தின்பதே இல்லை. இரண்டு மில்லிமீட்டர் தாய் வண்டு, விதைநெல்லை மடியில் கட்டி வருவதுபோல, உடம்பில் இருக்கும் சிறு பையில் பூஞ்சண வித்தைச் சுமந்து வருகிறது. மரத்தைக் குடைந்து சுவரெல்லாம் விதைக்கிறது. விளைந்த பூஞ்சணம்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் சாப்பாடு. குடைந்த தூளை வெளியே தள்ளுகிறது, அதைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். மரத்தைத் தின்னாத பூச்சிக்கு வேர் வழியாக விஷம் வைத்து என்ன பயன்? மாந்தோப்பில் குருணையைக் கொட்டச் சொல்பவரிடம் இனி யோசனை கேட்காதீர்கள். அது வாய்க்காலுக்கும் கிணற்றுக்கும்தான் போய்ச் சேரும்.

மீதி 51 மரங்களை விட்டுவிட்டு இந்த 9-க்கு மட்டும் ஏன் வந்தது? நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான். பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்: வாய்க்கால் ஓரம். பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் மாதங்களில் கசிவு, அதன்மேல் மழை, அடியில் நெல் வயலின் களிமண். காற்றில்லாமல் வேர் மூச்சு முட்டும்போது மரத்துக்குள் சாராயம் ஊறுகிறது. பட்டை வழியே கசியும் அந்த வாடையைப் பிடித்துத்தான் வண்டு வருகிறது. அதே சாராயம் வேண்டாத பூஞ்சணங்களை அடக்கி, வண்டின் பயிரை வளர்த்தும் விடுகிறது. திடமான மரத்தை இது பெரும்பாலும் சீண்டாது. மாமரத்தின் தூரில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று எத்தனையோ தோப்புகளில் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். நெல்லுக்குப் பாய்ச்சிய கை, மரத்துக்கும் அப்படியே பாய்ச்சுகிறது.

வாய்க்காலுக்கும் மர வரிசைக்கும் நடுவே ஆழமாக வடிகால் வெட்டுங்கள். தூரில் அணைத்த மண்ணை விலக்குங்கள். இனிப் பாய்ச்சினால் கிளை நிழல் முடியும் இடத்தில் பாய்ச்சுங்கள். வாடிய மரத்தை வெட்டி அன்றே எரித்துவிடுங்கள். விறகென்று அடுக்கி வைத்தால், உள்ளிருக்கும் மகள்கள் ஆளுக்கொரு பிடி வித்தோடு கிளம்பும். கூட்டுக்குள்ளேயே சினைப்பட்டு வருவதால் ஒரு வண்டு போதும், புதுக் குடும்பம் உண்டாகிவிடும். மற்ற 8 மரங்களில் துளை குறைவாக இருந்தால், வேர் காய்ந்ததும் தேறி வர வழியுண்டு.

மருந்து பயன்படுவதென்றால் வண்டு துளைக்கும் முன் பட்டையின்மேல் இருக்க வேண்டும், உள்ளே போனபின் எட்டாது. எது, எவ்வளவு என்பதைக் கடையில் கேட்காதீர்கள். துளை விழுந்த கட்டை ஒன்றைப் பையில் கட்டி ஒத்தக்கடை வேளாண் கல்லூரிப் பூச்சியியல் துறையில் காட்டுங்கள். உங்களுக்கு மதுரை போகிற வழிதான்.